எடை குறைப்பு ஆபரேஷன் செய்தால் உடம்புக்குள் இருக்கும் அழற்சி அடங்குமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வயது 42, ஊர் கீழக்கரை. உயரம் 155 செ.மீ., எடை 98 கிலோ. 6 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் மூன்று மாத சர்க்கரை 8.6-ல் நிற்கிறது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. இரண்டு முழங்காலும் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. மதுரையில் காட்டியபோது ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள், 9.4 வந்தது. "உடம்பு முழுக்க நாள்பட்ட அழற்சி இருக்கிறது, எடை குறைப்பு ஆபரேஷன் செய்தால் சரியாகும்" என்றார்கள். கத்தாரில் இருக்கும் என் வீட்டுக்காரர் செய்துவிடு என்கிறார். மாமியோ "நல்லா இருக்கிற வயித்தை எதுக்கு வெட்டணும்" என்று அழுகிறார்கள். சென்னையில் இருக்கும் ராத்தா மகள், கொழுப்பை உறிஞ்சி எடுத்தாலே போதும் என்கிறாள். ஆபரேஷன் செய்தால் இந்த அழற்சி உண்மையிலேயே அடங்குமா? எத்தனை நாளில்? மூட்டு வலி போகுமா? அப்புறம் நோன்பு வைக்க முடியுமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம், சகோதரி.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அடங்கும். பெரும்பாலோருக்கு நன்றாகவே அடங்குகிறது. ஆனால் அந்த 9.4 என்ற எண்ணைக் குறைப்பதற்காக யாரும் இரைப்பையில் கை வைக்க வேண்டியதில்லை. உங்களை இந்த ஆபரேஷன் பற்றி யோசிக்கச் சொல்வதற்கு அதைவிடப் பலமான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு அப்புறம் வருகிறேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் அதிகம் பயந்திருப்பதாகத் தெரிகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். அழற்சி என்றால் காயத்தையோ கிருமியையோ எதிர்த்து உடம்பு நடத்தும் போராட்டம். அது உடம்பில் எங்கேயாவது இருந்தால் ரத்தத்தில் சி.ஆர்.பி.யின் அளவு கூடும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 1-லிருந்து 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் போனால் இதயநோய்க்கான அபாயம் கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறோம். 10-ஐத் தாண்டினால் புதிதாக ஏதோ தொற்று வந்திருக்கிறதா என்று தேடுவோம். உங்கள் 9.4 அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் எடையில் இருக்கும் பெண்களுக்கு இந்த அளவு வருவது அபூர்வம் இல்லை. இருந்தாலும் ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். டெஸ்ட் எடுத்த வாரத்தில் சளி, காய்ச்சல் இருந்ததா? சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா? பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் மிகச் சாதாரணமாக வருகிறது. வலி இல்லாததால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அதுவே சி.ஆர்.பி.யை ஏற்றிவிடும். அதனால் பல் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். காய்ச்சல், சளி எதுவும் இல்லாத சமயமாகப் பார்த்து, முதல் டெஸ்டிலிருந்து குறைந்தது 2 வாரம் தள்ளி இன்னொரு தடவை எடுங்கள். அப்போதும் 3-க்கு மேலே இருந்தால்தான் நாள்பட்ட அழற்சி என்று பேசலாம்.

சரி, உடம்பில் எந்தப் புண்ணும் இல்லாமல் இந்த அழற்சி எங்கிருந்து வருகிறது?

கொழுப்பு என்றால் உபரிச் சக்தியைச் சேர்த்துவைக்கும் இடம், அவ்வளவுதான் என்று மருத்துவ உலகம் நெடுநாள் நினைத்திருந்தது. 1993-ல் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் ஆகியோரின் ஆய்வில்தான், பருமனான எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது, அது இன்சுலினின் வேலையையும் கெடுக்கிறது என்று தெரியவந்தது. அடுத்த வருஷம், கொழுப்புத் திசுவே சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் திசு ஒரு சுரப்பியைப் போல வேலை செய்கிறது என்பது அப்போது உறுதியானது. 2003-ல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இன்னொன்றைக் கண்டன. பருமன் கூடக் கூட, கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோஃபேஜ் எனப்படும் வெள்ளையணுக்கள் வந்து குவிகின்றன. கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கித் துப்புரவு செய்வதுதான் அவற்றின் வேலை. கிருமியே இல்லாத இடத்தில் அவை ஏன் கூடுகின்றன? மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் விடை தெரியும். எண்ணெய் நிரம்பி அளவுக்கு மீறிப் பெருத்த ஒரு கொழுப்புச் செல், ரத்த ஓட்டம் எட்டாமல், பிராணவாயு போதாமல் செத்துக் கிடக்கும். அதைச் சுற்றி வட்டமாக, நெருக்கியடித்துக்கொண்டு இந்த வெள்ளையணுக்கள் நிற்கும். இந்த வட்டத்தைக் கிரீடம் என்றுதான் நோய்க்கூறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படி ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிய கொழுப்பில் ஆயிரக்கணக்கில் இருந்தால், அங்கே சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் உடனே சி.ஆர்.பி.யைத் தயாரிக்கத் தொடங்கும்.

இது நீறு பூத்த நெருப்பு. காய்ச்சல் வராது, எங்கும் சிவக்காது. ஆனால் வருஷக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ரத்தக்குழாயின் உட்சுவர், கல்லீரல், மூட்டு, இன்சுலின் வேலை செய்யும் தசை என்று எல்லா இடத்திலும் இதன் பாதிப்பு தெரியும். உங்கள் சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு, முழங்கால் வலி மூன்றும் தனித்தனி நோய்களாகத் தெரிந்தாலும் அடியில் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை. மதுரையில் உங்களுக்குச் சொன்னது அந்த அளவில் சரியே.

உங்கள் ராத்தா மகள் சொன்னதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கொழுப்புதானே காரணம், அதை உறிஞ்சி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்வி. அதைச் செய்து பார்த்தே தெரிந்துகொண்டார்கள். 2004-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பருமனான 15 பெண்களுக்கு லைப்போசக்ஷன் முறையில் தோலுக்கு அடியிலிருந்து ஆளுக்குப் பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா எதுவுமே குறையவில்லை. இன்சுலினும் முன்னைவிட நன்றாக வேலை செய்யவில்லை. காரணம் தெளிவானது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பும், கல்லீரலில் இருப்பதும் அப்படியே இருக்கின்றன. மிச்சம் இருக்கும் கொழுப்புச் செல்கள் ஒவ்வொன்றும் அதே பருமனில்தான் நிற்கின்றன. உடம்பு தானாகக் கொழுப்பைக் கரைத்துச் செல்கள் சுருங்க வேண்டும். அப்போதுதான் அழற்சி குறையும். லைப்போசக்ஷன் அழகுக்காகச் செய்வது. அதற்காகச் செலவழிப்பது உங்கள் விருப்பம், நோய்க்கு மருந்தாக நினைத்துச் செலவழிக்காதீர்கள்.

எடை குறைப்பு ஆபரேஷனில் நடப்பது வேறு. ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, குழாய் போல ஒரு பகுதியை மட்டும் விடுவார்கள். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல் பகுதியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை மட்டும் அமைத்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். இரண்டுமே வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்வதுதான். சாப்பிடும் அளவு குறைவது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் ஸ்லீவுக்குப் பிறகு வெகுவாகக் குறைகிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் ஜி.எல்.பி.-1 போன்ற குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. அதனால்தான் மன உறுதியால் மட்டும் பட்டினி கிடப்பவரைப் போல இவர்கள் பசியோடு போராட வேண்டியிருப்பதில்லை.

எத்தனை நாளில் என்று கேட்டீர்கள். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாளில் சி.ஆர்.பி. குறையாது, ஏறும். உடம்பில் வெட்டுக்காயம் பட்டிருக்கிறது அல்லவா? தைத்த இடத்தில் கசிவு உண்டா என்று சந்தேகப்பட்டால் அந்த நாட்களில் நாங்கள் பார்ப்பதும் இதே டெஸ்டைத்தான். அதனால் வீட்டுக்கு வந்ததும் ஆசைப்பட்டு லேபில் எடுத்துப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மூன்றாம் மாதத்தில் இறங்க ஆரம்பித்திருப்பது தெரியும். பாரிஸில் ஒரு குழு, பைபாஸ் செய்தவர்களின் தோலடிக் கொழுப்பில் துளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது. மூன்று மாதத்திலேயே அந்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலோருக்கு சி.ஆர்.பி. பாதிக்கும் கீழே வந்துவிடும். 3-க்குக் கீழே வருபவர்களும் நிறையப் பேர். அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற பொருள் பருமனில் குறைந்து கிடக்கும், அது மறுபடியும் கூடும். எவ்வளவு எடை இறங்குகிறதோ அதை ஒட்டியே சி.ஆர்.பி.யும் இறங்கும். இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா இரண்டும் அப்படிச் சீராகக் குறைவதில்லை. சில ஆய்வுகளில் குறைந்திருக்கின்றன, சிலவற்றில் பெரிய மாற்றம் இல்லை. அதனால் அந்த டெஸ்டுகளை எல்லாம் எடுக்கச் சொல்லி யாராவது பெரிய பட்டியல் கொடுத்தால் காசைச் செலவழிக்க வேண்டாம். உங்கள் சிகிச்சையில் அவற்றால் ஒன்றும் மாறப் போவதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பைபாஸ் செய்த பலருக்கு ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே சர்க்கரை இறங்கிவிடும். அப்போது எடையும் குறைந்திருக்காது, அழற்சியும் அடங்கியிருக்காது. அந்த முதல் இறக்கம் குறைந்த சாப்பாட்டாலும் குடல் ஹார்மோன்களின் மாற்றத்தாலும் வருவது. அழற்சி குறைவதன் பலன் பின்னால், மெதுவாக வந்து சேர்கிறது. அதனால், சர்க்கரை மாத்திரையின் அளவை ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்தே டாக்டர் மாற்றி எழுத வேண்டும். பழைய அளவிலேயே கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போட்டுவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் இது எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

முழுக்கச் சரியாகிவிடுமா என்றால், அப்படி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 2024-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரிலிருந்து வந்த ஓர் ஆய்வு, எடை குறைந்த பிறகும் கொழுப்புச் செல்கள் பழைய பருமனின் சுவடுகளைத் தம் மரபணுக்கள் செயல்படும் விதத்தில் வைத்திருப்பதாகக் காட்டியது. ஆபரேஷன் செய்து ரெண்டு வருஷம் ஆனவர்களின் கொழுப்பிலும் அந்தச் சுவடு இருந்தது. எடை திரும்ப ஏறுவது ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எடை திரும்பினால் அழற்சியும் திரும்பும். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷத்தில் சர்க்கரை அடங்கியிருந்தது. 15 வருஷம் கழித்துப் பார்த்தால் 30 சதவீதம் பேருக்குத்தான் அப்படியே அடங்கியிருந்தது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அதே ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்கள், செய்யாதவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள். மாரடைப்பால் இறப்பதும் குறைந்தது. இடைப்பட்ட அத்தனை வருஷமும் கண்ணும் சிறுநீரகமும் தப்பித்ததும் லாபம்தான். சர்க்கரை வந்து சீக்கிரமே செய்துகொள்பவர்களுக்குப் பலன் அதிகம். உங்களுக்கு 6 வருஷம்தான் ஆகிறது, அது உங்களுக்குச் சாதகம்.

முழங்கால் வலிக்கு வருகிறேன். அங்கே சுமையும் அழற்சியும் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. ஆனால் பருமன் உள்ளவர்களுக்குக் கைவிரல் மூட்டிலும் தேய்மானம் கூடுதலாக வருகிறது. கைவிரலால் யாரும் நடப்பதில்லையே, அங்கே ரத்தத்தில் வரும் அழற்சிப் பொருள்களுக்கும் பங்கு இருக்கிறது. எடை இறங்கினால் இரண்டுமே குறைவதால் வலி நன்றாகத் தணியும். 25 கிலோ இறங்கியவர்கள் மாடி ஏறிப் போய்த் துணி காயப்போட்டேன் என்று சொல்லிச் சந்தோஷப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே தேய்ந்துபோன குருத்தெலும்பு திரும்ப வளராது. அதனால் ஓர் எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

வலி என்றதும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பக்கத்தில் முழங்கால் வலி உள்ளவர்கள் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று அட்டையோடு வாங்கிவைத்துப் போட்டுக்கொள்வதை நான் தினமும் பார்க்கிறேன். பைபாஸ் செய்த பிறகு இந்த மாத்திரைகள் ஆகவே ஆகாது. இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண் வந்து, ரத்தம் கசிந்து, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும். ஸ்லீவ் செய்தவர்களும் முடிந்தவரை தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். இந்த மாத்திரை இல்லாமல் நாள் போகாது என்ற நிலையில் நீங்கள் இருந்தால், அதை ஆபரேஷன் செய்பவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். ஸ்லீவா பைபாஸா என்று முடிவு செய்ய அது உதவும். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடலாம்.

உங்கள் மாமியின் பயம் எனக்குப் புரிகிறது. 2024-ல் சென்னையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி எல்லார் வீட்டுக்கும் வந்தது. நல்ல வசதியுள்ள, இதையே தொடர்ந்து செய்துவரும் மருத்துவமனைகளில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு, இரண்டு பேருக்கு என்ற அளவில் இருக்கிறது. பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்கு உள்ள ஆபத்தோடு ஒப்பிடக்கூடியதுதான். அது பூஜ்யம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத இடத்தில், மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடக் கூடாது. தூங்கும்போது பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்றால் அதற்கான சோதனையை முதலில் செய்ய வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். மாமியை ஒரு தடவை டாக்டரிடம் உங்களோடு கூட்டிப் போங்கள். வயிறு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். கல்லீரல் ஸ்கேனையும் சர்க்கரை ரிப்போர்ட்டையும் டாக்டர் வாயால் விளக்கிக் கேட்டால், நீங்கள் சொல்வதைவிட மனதில் பதியும். பின்னால் உங்களுக்குச் சாப்பாட்டைக் குழைத்துக் கொடுக்கப் போவதும் அவர்கள்தானே.

இப்போது என் அபிப்பிராயம். உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண், 40.8. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரையும் இருக்கிறது. ஆசிய மக்களுக்கு 27.5-க்கு மேலேயே இந்த ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்று 2022-ல் சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் சொல்லிவிட்டன. நீங்கள் அதைவிட வெகுதூரம் மேலே இருக்கிறீர்கள். நீங்கள் என் நோயாளியாக இருந்தால் நான் செய்துகொள்ளவே சொல்வேன். சர்க்கரைக்காக, கல்லீரலுக்காக, இதயத்துக்காக. அழற்சி குறைவது அதோடு சேர்ந்து வரும். கல்லீரலைப் பொறுத்தவரை ஒரு பிரெஞ்சு ஆய்வைச் சொல்லலாம். கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த கல்லீரல் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் செய்து ஐந்து வருஷம் கழித்துத் திசு எடுத்துப் பார்த்தபோது, 84 சதவீதம் பேருக்கு அந்த அழற்சி நோய் மறைந்திருந்தது. இவ்வளவு நேரம் அழற்சி பற்றிப் பேசினோமே, அது குறைவதால் நேரடியாகக் கிடைக்கும் பலனை இங்கேதான் மிகத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

எடை குறைக்க ஊசி மருந்து இருக்கிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். செமாக்ளூடைடு, டிர்செபடைடு இரண்டும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. நல்ல மருந்துகள். இதயநோய் உள்ள 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், செமாக்ளூடைடு போட்டுக்கொண்டவர்களுக்கு சி.ஆர்.பி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 20 சதவீதம் குறைந்தன. ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது, மாதாமாதம் செலவு. ஆபரேஷனுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இது நல்ல மாற்றுவழி, ஆறு மாதம் இதைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தாலும் தவறில்லை. ஆபரேஷனுக்கு முன்பே கொஞ்சம் எடை குறைந்தால் சர்ஜனுக்கும் வேலை சுலபம்.

செலவு பற்றி ஒரு தகவல். வீட்டுக்காரர் உங்கள் பெயரில் இந்தியாவில் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, பி.எம்.ஐ. 40-ம் அதற்கு மேலும் இருந்து டாக்டர் பரிந்துரைத்தால், எடை குறைப்புக்கான ஆபரேஷன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது. 35-க்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடும் நோய் இருந்தாலும் அப்படித்தான். காத்திருப்புக் காலம் முடிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கவலை எல்லாம் அதற்கப்புறம் வரும் வருஷங்களைப் பற்றித்தான். மதுரையிலோ சென்னையிலோ ஆபரேஷன் முடியும், நீங்கள் கீழக்கரைக்குத் திரும்பிவிடுவீர்கள். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க ரத்தப் பரிசோதனை வேண்டும். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் குறையும், மாத்திரையை நிறுத்தவே கூடாது. விடாமல் வாந்தி வந்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கும். அதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வேகமாக எடை இறங்கும்போது பித்தக்கல் உருவாகும், அதைத் தடுக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். நாலாம் மாதத்தில் முடி கொட்டும். அநேகமாகத் திரும்ப முளைத்துவிடும். உங்களுக்கு மாதவிலக்கு நிற்கவில்லை என்றால், ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்ததும் கரு தங்கும் வாய்ப்பு கூடுகிறது, வீட்டுக்காரர் லீவில் வரும்போது இதை மனதில் வையுங்கள். இந்த ரத்தப் பரிசோதனைகளுக்காக ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பொது மருத்துவரை இப்போதே முடிவு செய்து, அவரும் சர்ஜனும் போனில் பேசிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த ஏற்பாடு ஆகும்வரை ஆபரேஷன் தேதி வாங்காதீர்கள் என்பது என் கண்டிப்பான வார்த்தை.

சாப்பாட்டில் நம் கடற்கரை உங்களுக்குப் பெரிய உதவி. முதல் ரெண்டு வாரம் நீராகாரம், அப்புறம் குழைத்தது, பிறகு மென்மையானது என்று போகும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைத்துவிடும். நகரை மீனை முள் எடுத்து, புளி காரம் குறைத்து ஆணம் வைத்தால் குழைத்த சாப்பாட்டு நாட்களிலேயே இறங்கும். சூடை, சாளை போன்ற எண்ணெய் மீன்களில் இருக்கும் ஒமேகா-3 அழற்சிக்கும் நல்லது. பொரித்துச் சாப்பிட்டால் அந்தப் பலன் குறைந்துவிடும். கருவாடு உப்புக்காகவே வேண்டாம். ஆட்டுக்கறி பல மாதம் சரியாக இறங்காது. தொதலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அது பைபாஸ் செய்தவர் வயிற்றுக்குள் போனால், அரை மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, வயிற்றாலே போய்ப் படுக்கவைத்துவிடும். கல்யாண வீட்டில் பலர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் உட்காரும்போது பக்கத்தில் இருப்பவர்கள் அன்பாக இன்னும் கொஞ்சம் என்று தள்ளுவார்கள். ஆரம்ப மாதங்களில் தனித் தட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நோன்பு பற்றிக் கடைசியாகக் கேட்டீர்கள், எனக்குத் தெரியும், உங்களுக்கு அது கடைசிக் கேள்வி இல்லை. முதல் வருஷத்தில் வரும் ரமலானில் நோன்பு வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. சின்ன வயிற்றில் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க முடியாது. ஒன்றரை லிட்டர் தண்ணீரை நாள் முழுக்க மடக்கு மடக்காகத்தான் உள்ளே தள்ள வேண்டும். சஹருக்கும் இஃப்தாருக்கும் நடுவே அது நடக்காது. நம் பக்கத்து வெயிலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். புரதமும் போதாது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, விட்ட நோன்பைப் பின்னால் களா செய்வதா, அதற்கு ஈடாக ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வருஷம் எடை நிலைத்து, ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், ரமலானுக்கு ஒரு மாதம் முன்பு வந்து காட்டுங்கள். மாத்திரை நேரங்களை மாற்றி எழுதிக்கொண்டு நோன்பு வைக்கலாம். நோன்பு திறக்கும்போது முதலில் சில மடக்குத் தண்ணீர், பத்து நிமிஷம் கழித்து அரைக் கோப்பை கஞ்சி, மஃரிப் தொழுகை முடித்துவந்து மீனோ முட்டையோ என்று பிரித்துச் சாப்பிட வேண்டும். சமோசாவும் வடையும் அந்தத் தட்டில் வேண்டாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியது பல் டாக்டரைப் பார்ப்பதும், முழங்கால் எக்ஸ்ரே எடுப்பதும்தான். இரண்டாவது சி.ஆர்.பி. ரிப்போர்ட் வந்ததும், கல்லீரல் ஸ்கேன், சர்க்கரை ரிப்போர்ட்டுகள், தினமும் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, மாமியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போங்கள். ஸ்லீவா பைபாஸா, ஏன் என்று அவர்கள் சொல்லும் பதிலை எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.